ஆம்பளை டாக்டர்

என் வீட்டுக்காரருக்கு மானம் கொஞ்சம் ஜாஸ்தி. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை ரசம் கேட்க மாட்டார். கடையில் எடுத்த சட்டை சின்னதாகப் போய்விட்டால் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு, அதையே மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டுக்கொண்டு திரிவார். கேட்டால் கௌரவம் என்பார். அந்தக் கௌரவம் அவர் சட்டையோடு நின்றவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவர் பெயர் தனபால். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கரண்ட் பெட்டிக்குப் பீங்கான் பியூஸ் கேரியர் செய்கிற யூனிட் ஒன்றில் சூளை அவர் பொறுப்பு. நான் பாலக்கரையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். மாமனார் கொளஞ்சியப்பன் எங்கள் தெரு செல்லியம்மன் கோயிலுக்குப் பூசாரி. வெள்ளிக்கிழமை ஆனால் தலைக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கோயிலுக்குள் போவார். அம்மனுக்கு எண்ணெய் தடவி, பால் ஊற்றி, தண்ணீர் விட்டு, துடைத்து, புடவை கட்டி, பூ வைத்து அவர் வெளியே வர மதியம் ஆகிவிடும். மாமியார் போன பிறகு அவருக்கு இருந்த பிடிப்பு அது ஒன்றுதான். ஊரில் எத்தனை கோயில் இருந்தாலும், செல்லியம்மனைப் பெற்ற தாயைப் போல "எங்க ஆத்தா" என்றுதான் சொல்வார்.

2006ஆம் வருஷம் மாசி மகம் முடிந்த சமயத்தில் ஒரு நாள் மாமா கடைக்கே வந்தார். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது, மூலத்துக்கு ஏதாவது மாத்திரை கொடு என்று கேட்டார். பக்கத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். பொங்கலிலிருந்து என்றார். மாத்திரை தர மாட்டேன், டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே பார்த்த டாக்டர் உடனே புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். கடலூர் போய் பஸ் மாறி, ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். கேன்சர் என்று வந்தது. ஆசன வாய்க்குக் கொஞ்சம் மேலே, சின்னக் கட்டி.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஆதிநாராயணன் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். குடலின் சுவர் ஒரே தடிப்பு இல்லை, அடுக்கடுக்காக இருக்கிறது. கட்டி மேல் அடுக்கோடு நின்றிருந்தால் கீழ்வழியாகவே அதை மட்டும் சுரண்டி எடுத்துவிடலாம், ஆள் பழையபடி நடமாடலாம். அடுத்திருக்கிற சதை அடுக்குக்குள் இறங்கியிருந்தால் கீழ்ப்பகுதி முழுவதையும் எடுத்து, ஆசன வாயைத் தைத்து மூடிவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்ட வேண்டும். அந்தப் பை ஆயுசுக்கும் இருக்கும். எந்த அடுக்கு என்று தெரிந்துகொள்ள உள்ளே கருவி விட்டு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பை இருந்தால் கோயிலுக்குள் போகலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கே வேண்டுமானாலும் போகலாம், பஸ்ஸில் போகலாம், குளிக்கலாம் என்றார் டாக்டர். மாமா கேட்டது அது இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது.

ஸ்கேன் அன்றைக்கு வந்தது டாக்டர் அன்புக்கரசி. ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மாமாவிடம் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். பூசாரி என்றதும், அப்படியானால் வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கு அனுப்பாவிட்டால் அம்மன் கோபிப்பாளா என்று கேட்டார். மாமா சிரித்தார். கேன்சர் என்று சொன்ன நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கருவி எப்படி இருக்கும், எவ்வளவு நேரம், எங்கே கூசும் என்று அந்தம்மா சொல்லச் சொல்ல, மாமா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு உடை மாற்ற உள்ளே போனார்.

என் வீட்டுக்காரர் அந்தம்மாவின் பின்னாலேயே வராந்தாவில் போனார். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அவர் முகம் சிவந்து போயிருந்தது.

"டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆம்பள டாக்டரு யாரும் இல்லீங்களா?"

அந்தம்மாவுக்கு இது புதிது இல்லை போலிருக்கிறது. கோபப்படவில்லை. இருக்கிறார், கோகுலகிருஷ்ணன் என்று பெயர், நல்ல பையன், ஆனால் இந்த ஸ்கேனை இப்போதுதான் பழகுகிறார் என்றார். எக்ஸ்ரே மாதிரி படத்தை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை இது. கருவியை அசைக்கிற கையும் திரையைப் பார்க்கிற கண்ணும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும், அது பழகப் பழகத்தான் வரும் என்று விளக்கினார். என் வீட்டுக்காரர் பரவாயில்லை என்றார். சரி, அவரே பார்க்கட்டும், நான் பின்னால் நின்றுகொள்கிறேன் என்று அந்தம்மா இறங்கி வந்தார். அந்த இடத்தில் இந்த மனுஷன் வாயை மூடியிருக்கலாம்.

"எங்கப்பா சாமி தொடுற ஆளுங்க. பொம்பளைங்க அந்த ரூம்புல நின்னாலே அவருக்கு ஒடம்பு கூசிப்பூடும். அவரேதாங்க சொன்னாரு."

மாமா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி ஒரு முறை முறைத்தார் பாருங்கள், நான் கையை எடுத்துவிட்டேன். அவரே சொன்னாரா என்று அந்தம்மா மறுபடி கேட்டார். ஆமாம் என்றார் இவர். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் பிளாஸ்க்கின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நோயாளி இஷ்டம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கோகுலகிருஷ்ணன் வந்தார். ஒல்லியாக, மரியாதையாக இருந்தார். போகும்போதே நெற்றி வேர்த்திருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். கட்டி சதை அடுக்கைத் தொட்டிருக்கிற மாதிரி தெரிகிறது என்று எழுதினார். அன்புக்கரசி அம்மா படங்களைப் பார்த்துவிட்டு, படத்தில் அப்படித்தான் தெரிகிறது, நேரில் பார்த்தவருக்குத்தான் தெரியும் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டோம். வெளியே வந்த மாமா, அந்தம்மா எங்கே என்று கேட்டார். அவசர கேஸ் வந்துவிட்டது என்றார் இவர்.

சித்திரையில் ஆபரேஷன் நடந்தது. கீழே மூடிவிட்டார்கள். வயிற்றின் இடது பக்கம் சிவப்பாக ஒரு வாய், அதன் மேல் பை. நர்ஸ் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் பை மாற்றச் சொல்லிக் கொடுத்தார். ஊருக்கு வந்து முதல் தடவை மாற்றும்போது இவர் பையைப் பிரித்த வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிவிட்டார். நான்தான் துடைத்து, கழுவி, புதுப் பையை ஒட்டினேன். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தனபால் வாந்தி எடுக்கிறானா என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். சின்ன வயசில் பேதிக்குக் கொடுத்தாலும் இப்படித்தான் ஓடுவான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். அன்றிலிருந்து அது என் வேலை. பெண் கையே படக் கூடாது என்று வராந்தாவில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன மனுஷன், அப்பாவைப் பெண்சாதி கையில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நாலு வார்த்தை கேட்கவும் செய்தேன்.

தையல் பிரிக்கப் போன அன்றைக்குத்தான் அறுத்து எடுத்த பாகத்தின் ரிப்போர்ட் வந்திருந்தது. ஆதிநாராயணன் ஒளிக்கவில்லை. கட்டி மேல் அடுக்கிலேயே நின்றிருக்கிறது, எங்கும் பரவவில்லை, உயிருக்குப் பயமில்லை என்றார். மாமா கை கூப்பினார். மாமாவை வெளியே உட்காரவைத்துவிட்டு நாங்கள் திரும்பிப் போய், அப்படியானால் பை வேண்டியிருந்திருக்காதா என்று கேட்டோம். ஸ்கேனில் இது முன்பே தெரிந்திருந்தால் கீழ்வழியாகவே எடுத்திருக்கலாம் என்றார். இனி வைத்துத் தைக்க முடியுமா என்று இவர் கேட்டார். முடியாது என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் நேராக ஸ்கேன் அறைக்குப் போனார். அடிக்கத்தான் போகிறார் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். கோகுலகிருஷ்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள், நான் தனியாக ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது, கைப்பழக்கம் போதாது என்று எனக்கே தெரியும் என்றார். அழுதுவிடுவார் போல் இருந்தது. ஓங்கிக்கொண்டு போன இவருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

சத்தம் கேட்டு அன்புக்கரசி அம்மா வந்தார். எங்களை உட்காரச் சொன்னார். சதை கிள்ளி எடுத்த இடம் புண்ணாகி வீங்கியிருந்திருக்கிறது, திரையில் வீக்கமும் கட்டியும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும், வீக்கம் எங்கே முடிகிறது கட்டி எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று விளக்கினார். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயத்தில் ஒரு அடுக்கு கூட்டித்தான் சொல்வார்களாம்.

"நானும் ஆரம்பத்துல இப்படிச் சொல்லியிருக்கேன். அப்ப எங்க சார் பின்னாடி நிப்பாரு. கையக் கொஞ்சம் திருப்பி இன்னொருவாட்டி பாருன்னுவாரு. திரும்பப் பார்த்தா வேற மாதிரி இருக்கும்."

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"நானும் தப்பா பார்த்திருக்கலாம். பார்த்திருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன். பொய் சொல்லி என்ன ஆகப்போவுது? ஆனா என் மேலயும் தப்பிருக்கு. நீங்க சொன்னத எடுத்துக்கிட்டு வந்துட்டேன். உள்ள படுத்திருந்தவர்கிட்ட ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்."

பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, உயிர் பிழைத்ததற்கு ஆத்தாளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தார். புடவை எடுக்கலாமா, மணி வாங்கிக் கட்டலாமா என்று என்னைக் கேட்டார். இவர் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஆளே மாறிப்போனார். சாப்பாட்டில் கை வைப்பார், எழுந்துவிடுவார். சூளையில் வெப்பம் பார்க்காமல் விட்டு ஒரு அடுக்கு முழுக்க வளைந்துபோனதாக யூனிட்டில் சொன்னார்கள். அப்பாவுக்கு இளநீர், அப்பாவுக்கு மெத்தை, அப்பாவுக்கு ஃபேன் என்று கொண்டுவந்து கொட்டினார். பை மாற்றுகிற நேரம் மட்டும் பக்கத்தில் வந்து நிற்பார், வியர்ப்பார், குமட்டும், போய்விடுவார். ஒரு நாள் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கூச்சம் எனக்குத்தாண்டி இருந்தது, அந்தம்மா அவரை அங்கே தொட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்தபோதே எனக்குத்தான் உடம்பு கூசியது, அதை அவர் தலையில் போட்டுவிட்டேன் என்றார். அப்போதுதான் எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சம் இறங்கியது. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் தாங்க மாட்டார் என்றார். தாங்காதது யார் என்று எனக்குத் தெரியும்.

கோயில் ஒரு பக்கம் சும்மா கிடந்தது. மாமா வாசல்படியோடு நின்றுவிட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. மலத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு ஆத்தாளை எப்படித் தொடுவது என்று அவரே வகுத்துக்கொண்ட சட்டம். வெள்ளிக்கிழமைகளில் குளித்துவிட்டு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார். அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச மாட்டார். மகன் உள்ளே போய்ச் செய்ய வேண்டியதுதானே என்று தெருவே கேட்டது. இவரோ விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார். நான் பண்ணின காரியத்துக்கு இந்தக் கையால் அவளைத் தொடுவதா என்று என்னிடம் சொன்னார். மாசக் கணக்கில் அம்மன் ஒரே புடவையில் நின்றாள்.

ஆனி கடைசியில் தெருப் பெரியவர் கலியமூர்த்தி வீட்டுக்கு வந்தார். ஆடி பிறக்கப் போகிறது, கூழ் ஊற்ற வேண்டும், அம்மனை இப்படியே வைத்திருக்க முடியாது, பெண்ணாடத்திலிருந்து வேறு பூசாரியைக் கூட்டிவரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வரட்டும் என்றார் மாமா. கலியமூர்த்தி போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அதை என் வீட்டுக்காரரும் பார்த்தார்.

மறுநாள் காலையில் மாமா வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது இவர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஆம்பளை டாக்டர் கேட்டது, அந்தம்மா பின்னால் நிற்கிறேன் என்றது, அதையும் வேண்டாம் என்றது, மேல் அடுக்கு, கீழ்வழி, தேவையில்லாத பை, ஒன்றையும் விடவில்லை. மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னேன்னா சொன்ன?"

"ஆமாப்பா."

"காலம் பூரா ஆத்தாளுக்குப் பொடவ கட்டிவுடுறவன்டா நான். ஒரு பொம்பள என்னத் தொட்டா எனக்கு என்னா கூச்சம்? அந்தம்மாவத்தானடா நான் தேடுனன். ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமுல்ல?"

அவ்வளவுதான். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அதற்குப் பிறகு மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இவர் வைத்த இளநீர் அப்படியே இருக்கும். நான் எடுத்துக் கொடுத்தால் குடிப்பார். அந்த நாட்களில் வீட்டுக்குள் நடக்கவே எனக்குப் பயமாக இருந்தது. என் மேலும் அவருக்குக் கோபம் இருந்திருக்கலாம், பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நானும்தானே. அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆடி முதல் வெள்ளிக்கு முன் பையை மாற்றிக்கொண்டிருந்தேன். மாமா திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மா ராணி, அவன் என்னக் கேக்காம எனக்காவ வெக்கப்பட்டான். நான் மட்டும் என்னா பண்ணிட்டேன்? ஆத்தாளுக்கு அருவருப்பா இருக்குமின்னு நானே முடிவு பண்ணி வெளியில நிக்கிறன். அவள ஒரு வார்த்த கேட்டனா?"

எங்கள் பக்கம் அம்மனிடம் கேட்பது என்றால் பூ கட்டிப் பார்ப்பதுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, வெளியே தெரியாதபடி இலையில் மடித்துச் சன்னதிப் படியில் வைத்து, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். மாமா கலியமூர்த்தியைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். வெள்ளை வந்தால் நான் உள்ளே போகிறேன், சிவப்பு வந்தால் பெண்ணாடத்து ஆள் வரட்டும், அதற்கப்புறம் நான் கோயில் பக்கமே போக மாட்டேன் என்றார். வெறும் பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். சிவப்பு வந்துவிட்டால் இந்த மனுஷன் ஆவணியைப் பார்ப்பாரா என்று நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவே கோயில் முன்னால் கூடிவிட்டது. மாமா குளித்து, பையின் மேல் துண்டைச் சுற்றி, அதன் மேல் வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார். பூ கட்டப் பொதுவான ஆள் ஒருவர் வேண்டும். கலியமூர்த்தி முன்னால் வந்தார். மாமா அவரைக் கையமர்த்திவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மகனைப் பார்த்தார்.

"தனபாலு, நீயே கட்டு."

பேசாமல் இருந்து பேசின முதல் வார்த்தை அது. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூக்கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பொட்டலத்தோடு வந்து படியில் வைத்தார். எங்கள் மகள் சௌந்தர்யா ஒன்றாம் வகுப்பு. அவளைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலப்பக்கத்தில் இருந்ததை எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தாள். மாமா பிரித்தார். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை.

பெண்கள் குலவை போட்டார்கள். கலியமூர்த்தி மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாமா அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியேறி உள்ளே போனார். பழைய புடவையை அவிழ்க்கிற சத்தம், எண்ணெய்க் கிண்ணத்தின் சத்தம், ஏண்டி ஆத்தா இப்படிக் காய்ஞ்சு கெடக்குற என்று அவர் அம்மனிடம் முணுமுணுக்கிற சத்தம், எல்லாம் வெளியே கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்படி ஒரு நிம்மதி வந்து எத்தனை மாசமோ ஆகியிருந்தது.

படியில் இன்னொரு பொட்டலம் கிடந்தது. அதை யாரும் பிரிக்க மாட்டார்கள், வேப்பமரத்தடியில் போட்டுவிடுவார்கள். போடலாம் என்று நான் எடுத்தேன். எங்களை விட்டுப் போன அந்தச் சிவப்பை ஒரு தடவை பார்க்கலாம் என்று தோன்றியது. மடிப்பை விலக்கினேன். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை.

நிமிர்ந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் கற்பூரத் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து போயிருந்தது. அவர் இந்தத் தடவையும் கேட்கவில்லை. அப்பாவையும் கேட்கவில்லை, அம்மனையும் கேட்கவில்லை. அந்தப் பொட்டலத்தை அவர் முகத்திலேயே விட்டெறியலாமா என்று வந்தது. எறிந்தால் உள்ளே இருக்கிறவர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்து நிற்பார் என்பதும் தெரிந்தது.

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"ராணி, அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சியாம்மா? செவப்புதான இருந்துது?"

மாமா என்னைக் கேட்டார். தெருவே என்னைப் பார்த்தது. இலையோடு சேர்த்து அதைக் கைக்குள் வைத்து நசுக்கினேன்.

"செவப்புதாங்க மாமா" என்றேன்.